சாயத்தண்ணி குடித்த கார்

ஹட்டனில் வாடகை வேன்கள் நிற்கிற இடத்தில் மாலை நேரத்தில் கொஞ்சம் உட்கார்ந்திருப்பது என் வழக்கம். வண்டி ஓட்டுவதை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எஞ்சின் சத்தம் கேட்காத இடத்தில் எனக்குப் பத்திரிகை படிக்க வராது. வீட்டில் இருந்தால் மனைவி ஏதாவது வேலை சொல்வாள் என்பதும் ஒரு காரணம்.

போன மாதம் ஒரு பையன் தன் வேனைத் திறந்து வைத்துக்கொண்டு போத்தலில் இருந்து பச்சை நிறத்தில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது, சர்பத்தா?" என்றேன்.

"கூலன்ட் தாத்தா. இத ஊத்திட்டா கொதிக்காது, துருப் பிடிக்காது. ஒங்க காலத்துல என்னா ஊத்துனீங்க?"

"தண்ணிதான். ஒரு நாள் மட்டும் வேறயும் ஊத்தியிருக்கோம்."

"வேற என்னா?"

சொல்ல வாயெடுப்பதற்குள் அவனுக்கு ஒரு ஹயர், வாடகைச் சவாரி, வந்துவிட்டது. போய்விட்டான். பாதியில் நின்ற பேச்சு எனக்கு இரவெல்லாம் தொண்டையில் சிக்கின மீன் முள் மாதிரி உறுத்தியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பழைய வண்டிகளே நல்ல வண்டிகள் என்று சொல்ல வரவில்லை. அவை எங்களை நடுரோட்டில் நிறுத்தி வைத்து அவமானப்படுத்திய வண்டிகள். அந்தப் பச்சைத் தண்ணீர் அப்போது இருந்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பேன்.

நான் தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்து, வண்டி துடைத்து, திட்டு வாங்கி, ஒருவழியாக லைசென்ஸ் எடுத்தேன். சுதந்திரம் கிடைத்த கொஞ்ச காலத்திலேயே ஹட்டனில் ஹனிபா நானாவிடம் டிரைவராகச் சேர்ந்தேன். அவரிடம் இரண்டு ஹயரிங் கார்கள் இருந்தன. ஒன்றை அவர் ஓட்டுவார். மற்றதை என்னிடம் கொடுத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். முதலாளி என்று கூப்பிட்டால் பிடிக்காது. முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அழைப்பது போல "நானா" என்றே நாங்களும் கூப்பிட்டோம்.

நானா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்து கேட்க வேண்டியிருக்கும். அதுவே பெரிய தண்டனை. வாடிக்கைக்காரர் யாராவது "கொஞ்சம் கெதியாப் போங்க" என்றால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "அவசரமா? அப்ப கொஞ்சம் நிண்டு போவம்" என்பார். ஆட்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் அடுத்த முறை அவரையேதான் தேடி வருவார்கள். காரணம், அவருடைய கார் கொதித்து வழியில் நின்றதாக யாரும் சொன்னதில்லை.

அன்றைக்கு எஞ்சின் சூடு என்பது எங்கள் தொழிலின் பாதிப் பிரச்சினை. ஹட்டனில் விடிகாலையில் எஞ்சின் ஐஸாகக் குளிர்ந்து கிடக்கும். சூடேறாமல் இருமிக்கொண்டே இருக்கும். அதற்காக ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சாக்கைத் தொங்கவிடுவோம். குளிர்காற்று உள்ளே போகாமல் மறைத்தால் எஞ்சின் சட்டென்று சூடேறும். அந்தச் சாக்குக்கு நான்கு மூலையிலும் கம்பிக் கொக்கி வைத்துத் தைத்திருப்போம். அதற்குப் பனிச்சாக்கு என்று பெயர். மலைநாட்டுக் கார் ஒவ்வொன்றுக்கும் ஒரு பனிச்சாக்கு உண்டு.

சிக்கல் எங்கே வருமென்றால், அதே கார் கொழும்புக்கு இறங்கும். கினிகத்தேனை தாண்டினால் காற்று மாறிவிடும். கித்துல்கலையில் வியர்க்கும். அவிசாவளையில் சட்டை முதுகில் ஒட்டும். சாக்கைக் கழற்ற மறந்தவன் அங்கேயே ஆவி பறக்க நிற்பான். நானா இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். "நீ எந்த எடத்தில சுவெட்டர கழட்டுறியோ, அந்த எடத்திலயே வண்டிட சாக்கையும் கழட்டு. ஒனக்கு வேர்த்தா அதுக்கும் வேர்க்கும்." சுவெட்டரைக் கழற்ற நினைக்கும்போதே கால் தானாகவே பிரேக்குக்குப் போகிற அளவுக்கு அது எங்களுக்குப் பழகிப்போயிற்று.

காலையில் அவர் வண்டி பார்க்கிற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் ரேடியேட்டரின் முன்பக்கத்தைத் தென்னோலை ஈர்க்கினால் மெல்லத் துடைப்பார். இரவில் விளக்குக்கு வந்து மோதின ஈசல், புல் விதை, இலைத் துண்டு எல்லாம் அந்த மெல்லிய தகட்டு இடுக்குகளில் போய் அடைந்திருக்கும். பிறகு ஃபேன் பெல்ட்டைப் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பார். பிறகு ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கசக்குவார். கடைசியாகத் தண்ணீர். ஊற்றப் போகிற தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். குடித்துப் பார்க்காத தண்ணீர் அவருடைய காருக்குள் போனதே கிடையாது.

"காருக்குப் போய் ருசி என்னத்துக்கு நானா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அதுக்கு நாக்கு இல்லையே. அதுக்காகத்தான் நான் குடிக்கிறன்" என்றார்.

அதன் அர்த்தம் மன்னாருக்குப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது. ஹட்டன் கடைக்காரர் ஒருவரின் குடும்பம் இந்தியாவுக்குப் போக இருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏற்றிவிட வேண்டும். நல்ல ஆவணி வெயில். அந்தப் பக்கம் போய் கொதித்து, எஞ்சின் பிடித்து, வண்டியை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தவர்களை எனக்குத் தெரியும். நானா தானும் கூட வருவதாகச் சொல்லி என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். புறப்படுவதற்கு முன் சலவைச் சோடா கலந்த தண்ணீரால் ரேடியேட்டரை அலசினோம். பனிச்சாக்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்தோம். டிக்கியில் நம் மலைப் பீலித் தண்ணீரை இரண்டு பெரிய தகரங்களில் நிரப்பி வைத்தோம். பீலி என்றால் பாறையிலிருந்து குழாய் வைத்து வழியவிட்ட ஊற்றுத் தண்ணீர்.

மதவாச்சி தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது. வழியில் ஒரு லொறி கொதித்து நின்றது. அதன் டிரைவர் மூடியைத் திறந்துவிட்டு, ஒரு கிணற்றுத் தண்ணீரை வாளியோடு கவிழ்க்கப் போனான். நானா இறங்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஊத்தாத! எஞ்சின ஸ்டார்ட் பண்ணி ஓட விடு. பொறகு கொஞ்சங் கொஞ்சமா ஊத்து. சூட்டுல ஒரே அடியாப் பச்சத் தண்ணி விழுந்தா இரும்பு வெடிச்சிரும்." பிறகு வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். உப்பு. "இத ஊத்தினா கேத்தலுக்குள்ள வெள்ளயாப் பிடிக்குமே, அது மாதிரிப் பிடிக்கும். நாளைக்குத் தண்ணி ஓட வழியிருக்காது." நம்முடைய ஒரு தகரத்தை எடுத்து அந்த லொறிக்கே ஊற்றிவிட்டார். எங்களுக்கு மிச்சம் ஒரு தகரம்தான்.

அந்த ஒரு தகரத்தோடு போய்ச் சேர்ந்து, அதைத் திறக்காமலே திரும்பி வந்தோம். மணலில் இழுக்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினை மூச்சு முட்டாமல் ஓடவிட்டோம். லொறிக்குப் பின்னால் ஒட்டிப் போகவில்லை. நிறுத்தும்போது மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்தினோம். நிறுத்தினவுடன் எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் மெல்ல ஓடவிட்டோம். இவ்வளவுதான் ரகசியம். ஒன்றுகூடப் பெரிய வித்தை இல்லை. ஒன்றையும் விடாமல் செய்ய வேண்டும், அதுதான் கஷ்டம்.

நானாவின் சட்டங்களில் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. கொதித்த வண்டியின் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வா" என்பார். பேச்சுக்குச் சொல்வதல்ல. உண்மையாகவே பக்கத்துக் கடைக்குப் போய், கொதிக்கக் கொதிக்க ஒரு தேநீர் வாங்கி, அவசரப்படாமல் குடித்து முடித்துவிட்டு வர வேண்டும். அதுதான் அவருடைய கடிகாரம். கடை இல்லாத இடமென்றால் குடித்ததாக நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர் வண்டிகளுக்கு உதவப் போகும் இடங்களில் நான் அப்படிப் பல தேநீர் குடித்திருக்கிறேன்.

இனித்தான் நான் சொல்ல வந்த கதை. அது என் கல்யாணக் கதை.

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கறுப்பையா கங்காணி என்று ஒருவர் இருந்தார். அவருடைய மகள் சரோஜாவைக் கோயில் திருவிழாவில் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அதற்கு மேல் விவரம் எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது. அம்மாவும் ஹனிபா நானாவும் பெண் கேட்கப் போனார்கள். நானும் கூடப் போனேன். கங்காணியார் தேநீர் கொடுத்து உபசரித்துவிட்டு நேராகவே பேசினார்.

"மாப்பிள்ளையப் பத்தி ஒரு கொறையும் இல்லைங்க. தொழிலப் பத்தித்தான் கொற. வட்டகொடையில எங்கண்ணன் செத்துப்போனப்ப ராகலையில காரு பிடிச்சுப் போனோம். கந்தப்பளை ஏத்தத்துல வண்டி கொதிச்சு நின்னுருச்சு. அந்த டைவரு என்னென்னமோ செஞ்சான். நாங்க போய்ச் சேரும்போது எடுத்துட்டாங்க. கூடப் பொறந்தவன் மொகத்த நான் பாக்கல. அன்னையிலருந்து இந்தத் தொழில்காரங்க மேல எனக்கு நம்பிக்க இல்ல."

உள்ளே வளையல் சத்தம் கேட்டு நின்றது. அவருடைய தங்கை மகன், பெண்ணுக்கு முறை மாப்பிள்ளை, வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நானாதான் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கங்காணியார், கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய என்ட கார்ல நானே கொண்டு வாறன். என்ட கார் கொதிக்காது. இது என்ட சொல்."

கங்காணியார் அவரை நெடுநேரம் பார்த்தார். "சரிங்க நானா. ஒங்க சொல்லுக்காகத் தர்றேன். ஆனா வண்டி கொதிச்சுப் போச்சுங்கிற அந்த ஒரு வார்த்த மட்டும் என் வாசல்ல கேக்கக் கூடாது. கேட்டா, மொறப் பையன் இருக்கான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முறைப் பையன் சிரிக்கவில்லை.

கல்யாணம் மாசி மாதத்தில், நடுப்பகலுக்குள் முகூர்த்தம். மாசி என்றால் எங்கள் பக்கம் காலையில் பனி, பகலில் சுள்ளென்று வெயில், பீலிகள் எல்லாம் மெலிந்து நூலாக ஓடுகிற காலம். சொந்தக்காரர்கள் முன்கூட்டியே பஸ்ஸில் போய்விட்டார்கள். காரில் நான், அம்மா, அக்கா, எங்கள் ஸ்டாண்டு டிரைவர் ராமையா, ஓட்டுவதற்கு நானா.

ஸ்டாண்டு ஆட்கள் முதல் நாளே காரை அலங்கரித்துவிட்டார்கள். தலைவன் ராமையாதான். முன்பக்கம் முழுவதும் செவ்வந்தியும் டேலியாவும் காகிதப் பூவும் நெருக்கி வைத்து ஒரு பெரிய பூப்பலகை மாதிரி செய்திருந்தான். அவ்வளவு அழகான கார் ஹட்டன் கடைவீதியில் அதுவரை போனதில்லை. விடிகாலையில் நானா வந்து பார்த்தார். வழக்கமாக ரேடியேட்டரில் ஒரு புல் விதை ஒட்டியிருந்தாலும் பொறுக்காத மனிதர், அந்தப் பூவைப் பார்த்துக் கண் கலங்கி நின்றார். "நம்மட ஸ்டாண்ட்ல நடக்குற மொதக் கல்யாணம்" என்று சொல்லிவிட்டு, ஈர்க்கை எடுக்காமலே ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருடைய அன்பே அன்றைக்கு அவருக்கு எதிரியாகப் போயிற்று.

நான் பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்து நிறைய மாலையோடு பின்னால் உட்கார்ந்தேன். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை ஊர்வலமாகப் புறப்பட்டு ஏறிவிட்டால், பெண் வீட்டு வாசலில் ஆரத்தி எடுக்கும்வரை காலைத் தரையில் வைக்கக் கூடாது. அம்மா என் முழங்காலில் கை வைத்துக்கொண்டேதான் வந்தாள்.

தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏற்றம் ஏறும்போதே எஞ்சினின் சுருதி கொஞ்சம் தடித்தது போல எனக்குத் தோன்றியது. மாப்பிள்ளை வாயைத் திறந்து வண்டியைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள் என்று இருந்துவிட்டேன். நுவரெலியாக் கடைவீதியில் கல்யாணக் காரைப் பார்க்கக் கூட்டம் வழிமறித்தது. ஊர்ந்து போனோம். ஹாவா எலியா தாண்டிக் கந்தப்பளை ஏற்றத்தில் கியரை மாற்றினார் நானா. பூக்களுக்கு மேலே மெல்ல ஒரு வெள்ளைப் புகை எழும்பியது.

"பனிதானே?" என்றாள் அக்கா.

பனியில்லை. சுடுகிற இரும்பின் வாசனை எனக்கும் நானாவுக்கும் ஒரே நேரத்தில் மூக்கில் ஏறியது. வண்டியை மலைச் சரிவோரம், காற்றடிக்கிற வளைவில் நிறுத்தினார். உஸ்ஸென்ற சத்தத்தோடு ஆவி கிளம்பி, முன்வரிசைச் செவ்வந்தியெல்லாம் அவித்த கீரையாகத் தொங்கிப்போனது.

மன்னார் வெயிலில் கொதிக்காத கார், சுவெட்டர் போட்டுக்கொண்டு ஆட்கள் நடமாடுகிற கந்தப்பளையில் கொதித்து நின்றது. உயரம் கூடக்கூடத் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும் என்பது எங்கள் ஊர் மாமியார்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். நுவரெலியாவில் பருப்பு வேகாமல் மருமகள்கள் திட்டு வாங்குவது அதனால்தான். ஆனாலும் இது அதனால் மட்டும் வந்த கொதிப்பில்லை. நானா இறங்கிப் போய் பூப்பலகையைப் பிடித்துத் தூக்கினார். திருப்பிப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"ராமையா" என்றார். காற்றில் குரல் கேட்கவேயில்லை. "இது நம்மட பனிச்சாக்கெல்லா?"

ராமையா சாக்கின் கொக்கியைத் தொட்டுக் காட்டினான். "பூ தைக்க அடியில ஒண்ணு வேணுமுல்லங்க நானா... அதுல கொக்கியெல்லாம் இருந்துச்சு. காருக்கு அளவெடுத்தது மாதிரி இருந்துச்சு."

அளவெடுத்துத்தானே தைத்தோம். ஹட்டனிலிருந்து அத்தனை ஏற்றத்தையும் அந்தக் கார் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஏறி வந்திருக்கிறது. மேலே பூ இருந்ததால் அடியில் சாக்கு இருப்பது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. சாக்கு என்றால் தூக்கத்திலும் கழற்றிவிடுகிற நாங்கள், பூவென்றதும் ஏமாந்துபோனோம்.

"சரி, டிக்கிய திற. தகரத்த எடு" என்றார் நானா.

டிக்கியில் தகரம் இல்லை. கூறைப்புடவைத் தட்டும், பழத்தாரும், தேங்காயும், பன்னீர்ச் செம்பும் இருந்தன. கறுப்பேறிய தகரங்களைச் சீர்த்தட்டுகளோடு வைக்கக் கூடாது என்று அம்மாவும் அக்காவும் சேர்ந்து இறக்கி வைத்துவிட்டார்களாம். வளைவில் ஒரு பீலி இருந்தது. மாசி மாதத்துப் பீலி. பாறை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

ராமையா குற்றவுணர்ச்சியில் துடித்துப்போய், "எளநி மாதிரித்தானே, தேங்காத் தண்ணிய ஊத்துவமா?" என்றான்.

"இனிப்புத் தண்ணி உள்ளுக்குப் போனா கருகிப் பாகாப் பிடிக்கும். பொறகு எஞ்சினயே கழட்டணும்" என்றார் நானா. அக்கா பன்னீர்ச் செம்பைக் கையில் எடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்ப வைத்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை. கங்காணியார் தன் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றதும் இதே கந்தப்பளை மலையில்தான். அவர் கேட்கக் கூடாது என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு அந்த வாசலுக்கு நான் எப்படிப் போவேன்? வாசலில் புது வேட்டியோடு அந்த முறைப் பையன் நிற்பான். சரோஜா உள்ளே மணவறைக்குத் தயாராகிக்கொண்டிருப்பாள்.

அப்போது மேலே தேயிலை மலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்னாங்க, மாப்பிள்ள காரு நின்னுருச்சா?"

கொழுந்து பறிக்கிற பெண்கள். கூடையோடு வரிசையாக நின்று எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் தண்ணீர் கிடைக்குமா என்று ராமையா கத்திக் கேட்டான். "தண்ணி லயத்துலதான், அது கீழ கெடக்கு! எங்ககிட்ட சாயத்தண்ணிதான் இருக்கு!" என்று பதில் வந்தது. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகள். சாயத்தண்ணி, காலையில் வீட்டில் போட்டுப் போத்தலில் ஊற்றி, துணியால் வாயடைத்துக் கொண்டுவருகிற பால் சேர்க்காத தேநீர். உச்சிவரை அதுதான் அவர்களுக்கு உயிர்த்தண்ணீர்.

நானா தலையைத் தூக்கினார். "சீனி போட்டீக்கா?"

அந்தப் பெண் சிரித்தேவிட்டாள். "சீனிய எவ தண்ணியில கலக்குவா? கட்டுப்படியாகுமா? உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டே குடிப்போமுங்க!"

நானாவின் முகம் மலர்ந்தது. "அப்ப கொண்டு வாங்கம்மா. அல்லாட காவல்."

பெண்கள் கொழுந்து மட்டம் பார்க்கிற மட்டக்குச்சியைப் போட்டுவிட்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு, சரிவில் சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களுடைய கங்காணி மேலேயிருந்து ஏதோ சத்தம் போட்டார், "கல்யாணமுங்க!" என்ற பதிலோடு அவரும் அடங்கிவிட்டார். ஆளுக்கொரு போத்தலை நீட்டினார்கள். முதல் போத்தலை வாங்கி நானா உள்ளங்கையில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். அந்த நேரத்திலும் குடித்துப் பார்த்தார். "ஆறியீக்கி. இனிப்பில்ல. ஊத்தலாம்."

ஆனால் மூடி இன்னும் திறக்கவில்லை. உள்ளே களகளவென்று சத்தம் அடங்கவில்லை. ஒரு தேநீர் குடிக்கிற நேரம் நிற்க வேண்டும். அந்தக் கணக்கு எங்கள் எல்லோருக்கும் தெரியும். நானா காரைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தார். கங்காணியாருக்குத் தான் கொடுத்த சொல் அவருக்கும் நினைவு வந்திருக்கும். ஒன்றும் பேசாமல் அந்தப் பனிச்சாக்கை, வதங்கிய பூவோடு சேர்த்து மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு, மூடியைப் பிடித்துத் திருகினார்.

நான் கத்தினேன். அதற்குள் ஆவி பீறிட்டு அவருடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அடித்தது. "யா அல்லா" என்றார். அதுவும் தாழ்ந்த குரல்தான். மறுகையால் எஞ்சினைக் காட்டினார். "ஸ்டார்ட் பண்ணு. ஊத்து. கொஞ்சங் கொஞ்சமா."

நான் காரை விட்டு இறங்கிவிட்டேன். அம்மா "எறங்கக் கூடாதுப்பா!" என்று வேட்டியைப் பிடித்தாள். நானாவின் வெந்த கையைப் பார்த்ததும் அவளே விட்டுவிட்டாள். ராமையா எஞ்சினை ஓடவிட, நான் தலைப்பாகையோடு குனிந்து, ஒவ்வொரு போத்தலாகச் சாயத்தண்ணியை மெல்ல மெல்ல ஊற்றினேன். பொங்கிப் பொங்கி மேலே வந்து என் கையிலும் வேட்டியிலும் தெறித்தது. பெண்கள் போத்தலை வரிசையாக நீட்டிக்கொண்டே, "குடிக்குது பாரு! மாமியார் வீட்டுக்குப் போற காருல்ல!" என்று கேலி செய்தார்கள். ஒருத்தி கூடைக்குள்ளிருந்து தேங்காய் எண்ணெய்ச் சீசாவை எடுத்து நானாவின் கையில் தடவிவிட்டாள். அன்றைக்கு அந்த மலையில் யாருக்கும் குடிக்கத் தேநீர் மிஞ்சவில்லை. டிக்கியிலிருந்த பழத்தாரை அம்மா அப்படியே அவர்களிடம் கொடுத்துவிட்டாள்.

ராமையா ஓட்டினான். வழி நெடுகக் காரிலிருந்து தேயிலை வாசனை வந்தது. ராகலைப் பக்கம் இறக்கம். காற்று நேராக ரேடியேட்டரில் மோதியது. அதன் பிறகு அந்தக் கார் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் ஓடியது. நானா ஈரத்துண்டு சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்.

தோட்ட வழியின் முனையில் கறுப்பையா கங்காணியார் குடையோடு நின்றுகொண்டிருந்தார். மேளம் தொடங்கியிருந்தது. முகூர்த்தம் தப்பவில்லை. ஆனால் காரின் முன்பக்கம் பூவில்லாமல் மொட்டையாக இருந்தது. மூடிக்கு மேலே தேநீர்க் கறை. அவர் மூக்கைச் சுருக்கி வாசனை பிடித்தார்.

"என்னாங்க நானா?" என்றார்.

நானா இறங்கினார். "வழியில கொஞ்சம் நிண்டு, கார் ஒரு தேத்தண்ணி குடிச்சிச்சி கங்காணியார்."

கங்காணியாரின் கண் அந்த ஈரத்துண்டுக்குப் போனது. துண்டை மெல்ல விலக்கிப் பார்த்தார். பிறகு என் வேட்டியைப் பார்த்தார். கந்தப்பளை ஏற்றத்தில் நின்று பார்த்தவருக்கு விளங்க எவ்வளவு நேரம் வேண்டும்? அவர் அந்த வார்த்தையை வாயில் எடுக்கவேயில்லை. "வாங்க மாப்பிள்ள, நேரமாச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முறைப் பையன் அன்றைக்குப் பந்தியில் நன்றாகப் பரிமாறினான். அவன் இன்றுவரை எங்களுக்கு நல்ல உறவுதான்.

தாலி கட்டும்போது கூட்டத்தில் நானாவைத் தேடினேன். காணவில்லை. மேளச் சத்தத்துக்கு நடுவே, பின்னால் எங்கேயோ ஒரு எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. சரோஜா குனிந்தபோது, "கையெல்லாம் தேயில மணக்குது" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பந்தி முடிந்து தேடிப் போனேன். லயத்துக்குப் பின்னால் பெரிய பீலிக்கடியில் காரை நிறுத்தி, ஒற்றைக் கையால் ரேடியேட்டரை அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாழையிலையில் சோற்றோடு என் மாமனார் நின்று, "சாப்பிட்டுட்டுச் செய்யுங்க நானா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"தாலி கட்டுறப்ப எங்க நானா போனீங்க?"

"சாயம் உள்ளுக்கு ஊறிப் பிடிச்சா பொறகு கழட்ட ஏலா. தண்ணி தெளிவா வாற வரைக்கும் அலசணும்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "மேளம் கேட்டிச்சி. கெட்டி மேளம் நல்லாக் கேட்டிச்சி" என்றார்.

அறுபதுகளின் நடுவில் நானா கார்களை விற்றுவிட்டு ஊருக்குப் போகும்வரை அவரிடம்தான் வேலை செய்தேன். பிறகு தோட்ட லொறிக்குப் போனேன். அவர் இருந்த அந்த வருடங்களில் அவரிடம் எத்தனையோ புது டிரைவர்கள் தொழில் பழக வந்தார்கள். முதல் நாள் ஒவ்வொருவனையும் காருக்கு முன்னால் நிறுத்தி, சட்டைக் கையைச் சுருட்டி அந்தத் தழும்பைக் காட்டுவார். "பாத்துக்க. ஒரு தேத்தண்ணி நேரம் பொறுக்க ஏலாம மூடியத் தொறந்தவண்ட கை இது" என்பார். கேட்கிறவன் பயந்து தலையாட்டுவான்.

யாருக்காகப் பொறுக்கவில்லை என்பதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் நான் பக்கத்தில் நின்றால், பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டைக் கையை இறக்கிவிடுவார்.